நூற்றெண்பது

நெற்றியில் மாமியா என்று பொறித்திருக்கிறது.
"ஒரு 'ர்' சேர்ந்தால் வீட்டில் இரண்டு பேர்"
என்றார் கணவர்.
உள்ளேயிருந்து அவர் அம்மா இருமினாள்.

மேலே ஒரு கண், கீழே ஒரு கண்.
மேலது எனக்கு, கீழது படச்சுருளுக்கு.
மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்,
ஒரே தகட்டில் ஒட்டிப் பிறந்தவை.
குனிந்து பார்த்தால் எல்லாம் இடம் வலமாகத் தெரியும்:
வலப்பக்கம் போகும் படகு கண்ணாடியில் இடப்பக்கம் போகும்.
மூன்று வருடமாகியும் கழுத்து இன்னும் பழகவில்லை.

கிரே தெரு, ஹூசேன் பாய் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு ஜோடி.
அறுபத்தைந்து அகலத்துக்கு.
நூற்றெண்பது தூரத்துக்கு.
என்னிடம் ஒன்றுக்குத்தான் காசு, அதிலும் பாதி.
"சனிக்கிழமை இரண்டையும் கொண்டு போ.
திங்களன்று ஒன்று திரும்ப வர வேண்டும்.
கீறல் விழுந்தால் இரண்டும் உன் தலையில்."

ஜூலை. டர்பன் கரைக்கு மத்தி வந்திருந்தது.
கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்
பூபாலனும் தாண்டவராயனும் இன்னும் இருபது பேரும்.
கடற்பறவைகள் தலைக்கு மேல் சண்டை போட்டன.

முதலில் நூற்றெண்பது.
கண்ணாடியில் பூபாலன் தோள் மட்டும்.
கயிறு பதித்த பள்ளம், பள்ளத்தில் உப்பு,
பின்னால் கடல் ஒரு சாம்பல் துணி.
ஆளில்லாத உலகத்தில் ஒருவன் எதையோ இழுக்கிறான்.
ஆறு படம். ஒவ்வொன்றுக்கும் மூச்சை நிறுத்தினேன்.

பிறகு கம்பியை விலக்கி அறுபத்தைந்தை மாட்டினேன்.
எல்லோரும் சிறுத்துப் போனார்கள்.
படகு, வலை, கூடை வைத்த பெண்கள், மீன் திருடும் நாய்,
அடியில் என் நிழலின் தலை.
மனமில்லாமல் ஆறு.

ஞாயிறு இரவு, குளியலறை, சிவப்பு பல்பு.
தட்டில் மெல்லக் கறுத்து வந்த அகலப் படத்தின் ஓரத்தில்
ஒரு பலகை.
பூதக்கண்ணாடி வைத்தால் எழுத்துக்கூட நின்றது:
வெள்ளையருக்கு மட்டும். இரண்டு மொழியில்.
நான் அங்கே அதைப் பார்க்கவில்லை.
எத்தனை வருடமாக அந்த வழி நடக்கிறேன்.
எங்கே நிற்க வேண்டும் என்று காலுக்குத் தெரியும்,
கண் எப்போதோ அந்த வேலையை விட்டுவிட்டது.

திங்கட்கிழமை
அறுபத்தைந்தைத்தான் திருப்பிக் கொடுத்தேன்.
அதில் மணப்பெண் மூக்கு கத்திரிக்காய் ஆகிவிடும்.
ஆவணியில் சாட்ஸ்வொர்த்தில் ஏழு கல்யாணம் பேசியிருக்கிறேன்,
ஐயர் தோளுக்கு மேலாகத் தாலியைப் பிடிக்க
நூற்றெண்பதுதான் சோறு போடும்.
ஹூசேன் பாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
கீறல் இல்லை என்றார்.

அடுத்த வாரமும் மத்தி.
வலையும் பலகையும் ஒரே சதுரத்தில் வேண்டும்.
நீளக் கண்ணுக்கு அது தரும் ஒரே வழி, பின்னால் போவது.
எங்கள் பக்கம் இருபதடியில் கற்சுவர்.
மணல் நீண்டு கிடப்பது அந்தப் பக்கம்.
பலகையைத் தாண்டிப் போனேன்.
திரும்பி நின்று, குனிந்து, பின்னால் நடந்தேன்.
மணல் வாரிச் சீவியிருந்தது.
யாருடைய துண்டையோ மிதித்தேன்,
மன்னிக்கவும் என்றேன், நிமிரவில்லை.
தாண்டவராயன் வந்தார். வலை வந்தது. படகின் மூக்கு வந்தது.
பலகையும் வந்தது,
முதுகைக் காட்டிக்கொண்டு.
வெறும் மரம். துருப்பிடித்த இரண்டு ஆணி.
இந்தப் பக்கத்திலிருந்து அதில் ஒன்றுமே எழுதவில்லை.

சதுரத்தின் இடது ஓரத்தில் ஒரு தொப்பி நுழைந்தது,
பித்தளைப் பொத்தான்கள்,
என்னைப் பார்த்து ஓடிவரும் பூட்ஸ்.
அழுத்தினேன்.
கைப்பிடியைச் சுற்றி அடுத்த படத்துக்கு நகர்த்திவிட்டு
நிமிர்ந்து இடப்பக்கம் பார்த்தேன்.

வலது தோளில் விழுந்தது கை.