ஐந்தாவது ஆள்

படிவத்தில் மூன்று பெட்டிகள்.
அவற்றின் கீழே நீளமாய் ஒரு கோடு:
தெரிவுக்கான காரணம்.

பெட்டிகளை நிரப்பிவிட்டேன்.
நாடகமும் அரங்கியலும், புவியியல், தமிழ்.
கோட்டில் ‘விருப்பம்’ என்றெழுதி
அது போதாதென்று பட்டு அழித்து
மறுபடி அதையே எழுதி அழித்ததில்
காகிதம் அந்த இடத்தில் மட்டும்
வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தது.

அன்றைக்குப் பின்னேரம்தான் யதுர்ஷா வந்தாள்.
சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு
மூச்சு வாங்காமல் சொன்னாள்:
"நாலு பேர் இருக்கம். அஞ்சு பேரெண்டா
கணிதப் பிரிவு திறக்கலாமாம், அதிபர் சொல்லிட்டார்.
உனக்குக் கணக்கில ஏ தானே."

ஏ வந்தது உண்மை.
அதில் என் குற்றம் எதுவுமில்லை.

எனக்கு முன்னால் மூன்று வீடு ஏறியிருக்கிறாள்.
ரிஷாந்தன் கட்டாருக்கு, மாமனிடம்.
டிலோஜன் வர்த்தகம், பேங்கில் ஏசி இருக்கிறதாம்.
கபிஷ்ணாவின் அம்மா ஒன்றும் பேசாமல்
குழுக்கடன் புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினாளாம்.

பட்டிருப்புப் பாலம் தாண்டினால் எல்லாம் இருக்கிறது.
களுவாஞ்சிகுடியில் பௌதிகவியலுக்கு மட்டும்
மூன்று ரியூசன்.
வெல்லாவெளிக்குக் கடைசி பஸ் ஐந்தரைக்கு.
அதற்குப் பிறகு இந்த ரோட்டு
யானைகளுடையது.

தேத்தண்ணியோடு வந்த அம்மா சிரித்தாள்:
"என்ன கா புள்ள,
வோட்டுக் கேக்க வந்த ஆள்மாதிரி நிக்காய்?"
"ஓம் மாமி. ஒரு வோட்டுத்தான் குறையுது."

நான் அதைத் தீர்மானம் என்று சொல்லமாட்டேன்.
மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.
இருட்டுக்கு முன் அவள் வீடு போகவேண்டும்.
பேனையை நீட்டினாள், வாங்கினேன்.
மூன்று பெட்டியையும் வெட்டி
மேலே நெருக்கி எழுதினேன்.
காரணம் கேட்ட கோடு வெறுமையாகவே போனது.
அதிபர் அதைப் பார்க்கவுமில்லை.
எண்ணினார்.
ஐந்து.

பழைய விளையாட்டுச் சாமான் அறையில் வகுப்பு.
மூலையில் காற்றுப் போன வலைப்பந்து இன்னும் கிடக்கிறது.
இணைந்த கணிதத்துக்குச் சேர்
ஆரையம்பதியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார்.
இரசாயனவியல் இரண்டாம் தவணையில்தான் வந்தது.

மூன்றாம் கிழமை யதுர்ஷா போய்விட்டாள்.
கல்லடியில் சித்தி வீட்டில் அறை கிடைத்ததாம்,
டவுனில் பெரிய பள்ளிக்கூடத்தில் இடமும்.
கேட்டில் நின்று கொஞ்சநேரம் பெல்லை அடித்துக்கொண்டிருந்தாள்.
மறுகா தன் மடக்கை அட்டவணையை
என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.
உள்ளே அவள் பெயர். நான் வெட்டவில்லை.

கோபமா என்றால், இருந்தது.
எவ்வளவு என்று அளக்கத் தெரியவில்லை.
அவள் இடத்தில் நானும் போயிருப்பேன்
என்று தெரிந்தபோது கூடியது.

சேர் இடாப்பில் இன்னும் ஐந்து பேர்தான்.
கூப்பிடும்போது அவள் பெயரில் ஒரு நொடி நின்று
ஒரு புள்ளி போட்டுவிட்டு
அடுத்த பெயருக்குப் போவார்.
நாங்கள் நால்வரும் சுவரைப் பார்ப்போம்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாடக வகுப்பு.
யாரோ ஒருத்தி ராசாவாகிக் கத்துகிறாள்,
பாதியில் வசனம் மறந்து நிற்கிறாள்.
அடுத்த வரி எனக்குத் தெரியும்.
நுண்கணிதத்தின் ஓரத்தில்
பென்சிலால் அதை எழுதிவைக்கிறேன்.

சோதனைக்கு இன்னும் ஏழு மாதம்.
நேற்றிரவு யானை வந்தது.
வாழைக்குள் ஏதோ முறிகிற சத்தம்,
அப்பா வெடியைக் கொளுத்தி எறிந்தார்.

முப்பது பாகை இருக்கும்.
எறியத்தின் வீச்சு எனக்குள் தானாகவே விரிந்தது,
கிடை, நிலைக்குத்து, சைன் இரண்டு தீற்றா.
இன்னும் கொஞ்சம் தூக்கியிருந்தால்
வாழைக்கு அப்பால் விழும்
என்று சொல்ல வாய் திறந்தேன்.
அதற்குள் கிணற்றடியில் வெடித்தது.

யானை போகவில்லை.
காதை ஆட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தது.

அப்பா இரண்டாவதை எடுத்தார்.
இந்தமுறை சொன்னேன்.