412

ஆளில்லாத அறை. பதினெட்டு டிகிரி.
சாவி அட்டை செருகும் பிளவில்
யாரோ ஒரு பல் டாக்டரின் விசிட்டிங் கார்டு.
விருந்தினர் மகாபலிபுரம் போயிருக்கிறார்.
திரும்பி வரும்போது குளிர்ந்திருக்க வேண்டுமாம்.

உருவினேன்.
ஏசி மட்டும் கொஞ்சம் முனகி அடங்கியது.

மொட்டைமாடியில் நாற்பது சோலார் தகடுகள்.
சாந்தோம் உப்புக்காற்றும் காக்கை எச்சமும் படிந்தால்
யூனிட் இறங்கிவிடும்.
விடிவதற்குள் துடைப்போம், நானும் குமுதவல்லியும்.
"சூரியனுக்கே கண்ணாடி துடைக்கிறோம்டி" என்பாள்.

பொழுது சாய்ந்தபின்
கரண்ட் எங்கிருந்து வருகிறதென்று
எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.
எண்ணூரில் என் வீட்டுக் கொடியில்
பிள்ளையின் பள்ளிச் சட்டை
சாம்பல் பூத்துத் தொங்கும்.
தட்டினால் அப்பிக்கொள்ளும்.
ஊதத்தான் வேண்டும்,
சூடான சோற்றை ஊதுவதுபோல.

ரிசப்ஷனிலிருந்து போன்.
"நானூத்திப் பன்னெண்டுல கார்டை எடுத்தது யாரு?"
நான்தான் சார்.
"கெஸ்ட் கத்துறார்."
பத்து நிமிஷத்தில் குளிர்ந்துவிடும் சார், சொல்லுங்கள்.
வைத்துவிட்டார்.

அந்தக் கார்டு இன்னும் என் சட்டைப்பையில்.
ஆலந்தூர். மாலை ஐந்து முதல் எட்டு.
எனக்கும் ஒரு கடைவாய்ப்பல்
ரொம்ப நாளாக வலிக்கிறது.