பற்றறியில் குறையில்லை

சாவியைத் திருப்பினால்
ர்ர்… ஊம்.
ர்ர்… ஊம்.
அரைத் தூக்கத்தில் கதைக்கு ஊம் கொட்டும் ஆளைப்போல.
இரண்டு பனிக்காலம் கொட்டிலுக்குள் கிடந்த
எண்பத்தொன்பதாம் ஆண்டு ஃபோர்ட் ரேஞ்சர்.
நின்றது அதன் பிழையில்லை.
பிடுங்கப்பட்டது என் லைசென்ஸ்.

தண்டர் பேயில் நாங்கள் இருக்கும் பகுதிக்குப் பெயர்
கரண்ட் ரிவர்.
வந்த புதிதில்
மின்சார சபைக்காரர் குடியிருப்பு என்று நினைத்திருந்தேன்.
ஏப்ரல் கடைசி. வடக்குச் சுவரோடு இன்னும்
ஒரு மாடு படுத்த அளவுக்கு அழுக்குப் பனி.

களவு என்றால் முதலில் விசாரிக்கப்படும் ஆள் பற்றறி.
நானும் அதைத்தான் பிடித்தேன்.
இரவு முழுக்கச் சார்ஜில் போட்டேன்.
காலையில் பன்னிரண்டு புள்ளி ஆறு. குறையில்லை.
சாவி சொன்னது:
ர்ர்… ஊம்.

எஞ்சின் இறுகிப்போயிற்றோ?
முன்பக்கக் கப்பியின் போல்ட்டில் ஸ்பானரை மாட்டிக்
கையால் சுற்றினேன்.
வஞ்சகமில்லாமல் சுற்றியது.
ஏர் ஃபில்டருக்குள் எலிக்கூடு:
பஞ்சு, ஊசியிலை,
சுகிர்தாவின் தொலைந்துபோன கையுறையில் ஒரு விரல்.
அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.
விரலை மட்டும் சட்டைப்பையில் வைத்தேன்.

மிச்சம் இருப்பது பாதை.
கரண்ட் போகும் பாதை, திரும்பி வரும் பாதை.
அளக்க இரண்டு பேர் வேண்டும்,
சாவியைத் திருப்ப ஒருவர்
மீற்றரைப் பார்க்க ஒருவர்.

"வித்துப்போடுங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்"
என்றபடியே வந்தாள், இரவு வேலை உடுப்போடு.
சாரதிப் பக்கம் ஏறி இருந்தாள்.
அந்த நீட்டு இருக்கையில் நான் சரிந்த அன்று
பக்கத்திலிருந்து ஸ்டியரிங்கைப் பிடித்து
வயல் பக்கம் ஒடித்தவள் இவள்தான்.
அதை நாங்கள் கதைப்பதில்லை.

ஒரு வயர் பற்றறியின் நேர் முனையில்.
மற்றது ஸ்ராட்டரில்.
"திருப்பு."
புள்ளி இரண்டு. நல்லது.

ஒரு வயர் எதிர் முனையில்.
மற்றது எஞ்சின் உடம்பின் வெற்று இரும்பில்.
"திருப்பு."
இரண்டு புள்ளி நான்கு.

என் தலையிலும் இருபத்தொரு வயர் ஒட்டிப் பார்த்தார்கள்.
கோடுகள் ஒழுங்காக ஓடின.
ஸ்கானில் ஒன்றுமில்லை. இரத்தத்தில் ஒன்றுமில்லை.
காரணம் தெரியவில்லை என்பதை
அந்த நரம்பு வைத்தியர்
மிக நாகரிகமாக, கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்.
பதினான்கு மாதம் மாத்திரை.
இங்கே, முற்பகலுக்குள்,
இரண்டு புள்ளி நான்கு.
ட்ரக்கின்மேல் பொறாமையாக இருந்தது.

எர்த் கேபிள். தொட்டால் சூடு.
கறுப்பு உறை வெளியில் வடிவாய்த்தான் இருந்தது.
கத்தியால் கீறினேன்.
உள்ளே செம்பு பச்சை மாவாகிக் கொட்டியது.
நாலைந்து இழை மட்டும்
முழு எஞ்சினையும் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

கடையில் எர்த் என்றேன்.
பெடியன் பூச்செடி மண் அடுக்கியிருந்த பக்கம் கை காட்டினான்.
கிரவுண்ட் என்று கேட்டிருக்க வேண்டும்.
பதினேழு டொலர்.
துரு போய் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்துப்
புதியதை முறுக்கினேன்.

"திருப்பு."

பிடித்துக்கொண்டது.
கொட்டில் முழுக்க நீலப் புகை,
எலிக்கூட்டின் மிச்சம் எங்கோ கருகும் நாற்றம்.
உடனே நிறுத்தினாள்.
"ஏனப்பா?"
"திரும்பவும் வருதோ எண்டு பாக்கவேணும்."
வந்தது. நிறுத்தினாள்.
வந்தது. நிறுத்தினாள்.
நாலாம் தரம் ஓடவிட்டாள்.

பிறகு எனக்கு இடம் விட்டு நகர்ந்தாள்,
ஜன்னல்வரைக்கும் இல்லை.
நடுவில் இருந்தாள்,
ஸ்டியரிங் கைக்கெட்டும் தூரத்தில்.