பதினெட்டாவது முறை

ஹெப்சிபா,
உன் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது.
விரல்கள் தெரியும்.
ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவில்
நெயில்பாலிஷ் உரிந்த இரண்டு விரல்களால்
குதிரையைக் காதைப் பிடித்துத் தூக்குவாய்.
இன்றும் அப்படித்தான் தூக்குகிறாய்.
நடுவில் ஒரு மோதிரம் வந்தது.
போன வருஷம் நாக்பூரில் அது இல்லை.
நான் கேட்கவில்லை.
எதிராளியிடம்
'டிரா?' என்ற ஒன்றைத் தவிர
வேறெதையும் கேட்க முடியாத விளையாட்டு இது.

கடைசிச் சுற்று. பெரியமேட்டு உள்ளரங்கு.
ஆறாம் மேஜைக்கு நேர் மேலே ஏசி ஒழுகுகிறது,
நடுவர் ஒரு நீல வாளி வைத்திருக்கிறார்.
அது சொட்டும் கணக்கு
நம் கடிகாரத்தோடு ஒத்துப்போகவில்லை.

உனக்கு அரைப் புள்ளி போதும்,
தாஷ்கெண்ட் போகும் அணியில் பெயர் வந்துவிடும்.
எனக்கு முழுசாக ஒன்று வேண்டும்,
ஆறு வருஷமாக வராத மூன்றாவது நார்முக்கு.
அண்ணாநகர் வங்கியில்
ஒன்பது நாள் லீவு கேட்டபோது
மேனேஜர் சிரித்தார்:
'செஸ்ஸுக்கா? நான் கல்யாணம்னு நினைச்சேன்.'
மூன்று நாள் கொடுத்தார்.
மீதி சம்பளமில்லாமல்.

பத்தொன்பதாவது நகர்த்தலிலேயே
ராணிகளை மாற்றிக்கொண்டோம்.
எங்கள் தெருப் பையன்கள் அதை ராணி என்று சொல்லமாட்டார்கள்,
மந்திரி என்பார்கள்,
இவ்வளவு தூரம் போகிற காய்
பொம்பளையாக இருக்க முடியாதாம்.
இப்போது இரண்டும்
தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில்
ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கின்றன.
அவை பேசிக்கொள்ளலாம்.
யாரும் எச்சரிக்கமாட்டார்கள்.

இருபத்தேழில் பேனா மூடியைத் திருகினாய்.
'டிரா?'
அதே குரல்.
திருச்சியில், எட்டு வயதில்,
இன்னும் இரண்டு நகர்த்தலில் தோற்க இருந்தபோதும்
இப்படித்தான் கேட்டாய்.
ஒத்துக்கொண்டேன்.
எனக்கு அவசரமாக ஒன்றுக்கு வந்தது,
எழுந்து போகலாம் என்று
யாரும் சொல்லித்தரவில்லை.
கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம்
நம் அப்பாக்கள் மூக்கை ஒட்டி நின்றார்கள்.

இப்போது வெளியே எனக்காக நிற்பது
மழையில் ஒரு ஸ்கூட்டி.

யானையை நகர்த்தினேன். அதுதான் என் பதில்.

ஐம்பத்தெட்டு.
ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முப்பது விநாடி
பிச்சை போடுகிறது கடிகாரம்.
ராஜா. ராஜாதான் போக வேண்டும்.
எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும்,
வாளிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.
என் கை யானையைத் தொட்டது.

தொட்டுவிட்டு எடுத்துவிட்டது.
நடுவர் மூன்றாம் மேஜையில்
யாருக்கோ குறிப்புத்தாள் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நிமிர்ந்தாய்.
இடது கண்ணின் வெள்ளையில்
கடுகளவு ஒரு மச்சம் இருக்கிறது உனக்கு.
இருபத்திரண்டு வருஷம்
அதற்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.
நீ கையைத் தூக்கவில்லை.
நடுவரைக் கூப்பிடவில்லை.
வாளியைப் பார்த்தாய்,
நான் என்ன செய்வேனோ
அது உனக்குத் தெரியவேண்டாம் என்பதுபோல.

யானையையே நகர்த்தினேன்.

அறுபத்தாறில் கைகுலுக்கினோம்.
ஆளுக்கு அரை.

வாசலில் உன் ஆட்டோ
மூன்றாம் தடவையும் கேன்சல் ஆனது.
'சென்ட்ரலா? ஏறு' என்றேன்.
நமக்குள் முதல் முழு வாக்கியம்.
அதிலும் இரண்டே வார்த்தை.

சைடன்ஹாம்ஸ் சாலையில் முழங்கால் தண்ணீர்.
ஹெல்மெட்டுக்குப் பின்னாலிருந்து கேட்டாய்:
'ராஜா வந்திருந்தா?'
'தெரியும்.'
'நான் காலி.'
'தெரியும்டி.'

பள்ளத்தில் வண்டி குதித்தபோது
என் சட்டைத் தோளை
இரண்டு விரல்களால், ஓரத்தில், பிடித்தாய்.
மோதிரம் இருந்த இடம் வெளுத்திருந்தது.
இப்போதும் கேட்கவில்லை.

சிக்னல் இன்னும் விழவில்லை.