அட்டையில் பனி பெய்கிறது

லூனாஸ் தபால் நிலையத்திலிருந்து
ஐந்து பெட்டி. முந்நூறு பிரதி.
முதல் பெட்டியை மோட்டார் சாவியால் கிழித்தேன்.
பனிமலை. வெள்ளைக் குதிரை.
அதன் கழுத்தை இரு கையாலும் கட்டிக்கொண்டு
ஒருத்தி,
நகம் பத்தும் செக்கச் செவேல்.

என் நாவலில் குதிரை இல்லை.
குளிர் என்று ஒன்று வருவது
நூற்றுப் பதினோராம் பக்கத்தில்,
அதுவும் காய்ச்சல் குளிர்.
மற்றபடி வெயில், செம்பனை,
முதுகில் பதினெட்டு லிட்டர் தோம்போடு
களைக்கு மருந்தடிக்கும் ஜெகதா.

சென்னைக்குப் போன் போட்டேன்.
"சார், கைவசம் இருந்த படம்.
பொண்ணு இருக்கா, மலை இருக்கா.
உங்க ஊர்லயும் மலை இருக்குல்ல?"
இருக்கிறது. குனோங் ஜெராய்.
ஆலை எடைமேடையில்
லோரிக்கு லோரி சீட்டெழுதும்போது
மழை விட்ட நாளில் வடக்கே தெரியும்.
அதில் பனி விழுந்ததாகக் கேள்வியில்லை.

கோயில் மண்டபத்து வெளியீட்டில்
முதல் பிரதி வாங்கிய லோரி முதலாளி
ஐம்பது வெள்ளியை உறையில் வைத்து,
"காஷ்மீர் எப்ப போனீங்க, கிராணி?" என்றார்.
சிரித்துவைத்தேன்.
கட்டிலுக்கடியில் இன்னும்
இருநூற்று நாற்பது குதிரைகள்.
ராத்திரி புரண்டு படுத்தால்
ஏதோ கனைக்கிற மாதிரி இருக்கும்.

ஒன்றை எடுத்துக்கொண்டு தாமானுக்குப் போனேன்,
ஜெகதாம்பாள் அக்கா வீட்டுக்கு.
பெயரில் பாதியை வெட்டியதைத் தவிர
நான் அதிகம் மாற்றவில்லை.
மூன்றாம் அத்தியாயத்தில் உதிரும் நகம் அவருடையது.
திரும்ப முளைத்தபோது
நீலம் பாரித்து முளைத்தது.

அக்காவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது.
அட்டையை முந்தானையால் துடைத்தார்.
தூசி இல்லாத இடத்தையும் துடைத்தார்.
"இது நானாடா?"
என்ன சொல்ல.
"ஆமாக்கா."
"எவ்ளோ உசரம் குதிர. பயமே இல்ல பாரு அவளுக்கு."
ஜன்னல் கம்பியில் சாத்திவைத்தார்,
தெருவுக்குத் தெரிகிற மாதிரி.

இரண்டு வருஷம்.
யாரும் அதைப் பிரிக்கவில்லை.
கெடா வெயில் மட்டும்
மத்தியானம் தவறாமல் வந்து
அட்டையோடு உட்கார்ந்திருந்தது.

தீபாவளிக்குப் போனேன்.
அச்சு மையில் சிவப்புதான் முதலில் போகுமாம்,
சென்னைக்காரர் சொன்னதில்லை.
குதிரை நீலம். மலை நீலம்.
கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று
அவள் விரல்களைக் கிட்டப் போய்ப் பார்த்தேன்.
மூன்றாம் அத்தியாயம்.

உள்ளிருந்து அக்கா,
"வெயில்ல என்னடா பார்வை?
உள்ள வா, கறுத்துருவ."