மாதிரி ஏழு

கள்ளநோட்டுப் பார்க்கிற ஊதா விளக்கு,
காசிமேட்டு ஏலக்காரர் ஒருவரிடம் இரவல்.
சட்டைப் பையில் பன்னிரண்டு குப்பிகள்.
ஒவ்வொன்றிலும் அரை மில்லி
செம்பு.

செம்பென்றால் கொடுங்கையூரில்
ஒயரைக் கொளுத்தி உருவி
கிலோக் கணக்கில் எடைபோடும் செம்பல்ல.
பத்துப் பன்னிரண்டு அணுக்கள்
ஷேர் ஆட்டோவில் போல ஒண்டி உட்கார்ந்து
மேலே புரதத் துணுக்கைப் போர்த்திக்கொண்டவை.
உலோகம் என்று சொல்லவே கூச்சப்படும் அளவு.
புளிப்பு பட்டால் நெருங்கும், ஒளிரும்.
காரம் பட்டால் விலகும், அணையும்.
ஆய்வேட்டில் இதற்கு நாற்பது பக்கம்
எழுதியிருக்கிறேன்.

எண்ணூர்க் கழிமுகம். விடிய இன்னும் ஒரு மணி நேரம்.
இடுப்பளவு நீரில் குணவதி
பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு
சேற்றுக்குள் விரல்களால் இறாலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

குழாய் வாய்ப்பக்கம் மொண்ட நீரில் இரண்டு சொட்டு.
குப்பி மோர்போலக் கலங்கியது.
விளக்கைப் பிடித்தேன்.
ஆரஞ்சு.
பேசுவதற்காகப் பறியை வாயிலிருந்து எடுத்தாள்:
"இன்னாமே, பாட்டிலுக்குள்ள சிக்னல் போட்டுக்கீது?"

சாம்பல் கரைந்துவரும் பக்கம் போனோம்.
குப்பி தெளிந்தது. விளக்குக்கும் எழவில்லை.
"அப்ப இங்க தண்ணி நல்லாக்கீது."
இல்லை, இது காரம் என்றேன்.
"காரமா? எவனாச்சும் மொளகா அரைச்சு ஊத்திட்டானா?"
அவள் சிரித்தாள்.
எனக்குப் பாதிதான் வந்தது.

என் செம்புக்குப் புளிப்பு மட்டும்தான் தெரியும்.
மறுபக்கத்துக் கேட்டை
நல்ல நீரைப் போலவே
இருட்டில் விட்டுவிடும்.
நாற்பது பக்கத்தில் இந்த ஒரு வரி இல்லை.

குணவதி விரல்களை விரித்து
விளக்கடியில் நீட்டினாள்.
இறால் கொம்பு கிழித்த கீறல்கள்,
ஊதாவில் எல்லாம் ஒரே நிறம்.
"கொழாயாண்ட சுருக்குனு குத்தும்.
சாம்பலாண்ட ஒண்ணும் தெரியாது,
சோப்பு தேச்சாப்ல வழவழன்னு இருக்கும்.
ராத்திரி தூங்கசொல்லோதான் தோலு உரியும்."

குறிப்பேட்டில் எழுதினேன்:
மாதிரி ஏழு. ஒளிர்வு இல்லை.
தாள் நனைந்திருந்தது. பேனாவை அழுத்தி
அதன் பக்கத்தில் இன்னொரு சொல்:
வழவழப்பு.

பாலத்தில் கும்மிடிப்பூண்டி ரயில் தடதடத்தது.
அவள் பறியைத் திரும்பக் கவ்விக்கொண்டாள்.
இனிப் பேச்சில்லை.
மீதி ஐந்து குப்பிகள்
பைக்குள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டிருந்தன.