ஒன்றே முக்கால் மணி

மாடிப்படி ஏறியதும் துண்டுகள் அடுக்கும் அலமாரி.
அதற்குள் ஹீட்டிங் டைமர்:
மஞ்சள் பாய்ந்த வெள்ளை வட்டு,
விளிம்பைச் சுற்றி நான்கு பின்.
சிவப்பு மூட்டும், நீலம் அணைக்கும்.
உள்ளே ஒரு மோட்டார்
தூக்கத்தில் பல் கடிப்பவனைப் போல
பதினொரு வருடம் கரகரத்தது.

அது சொல்லும் நேரம் ஒன்றே முக்கால் மணி பிந்தியது.
அதில் முக்கால் மணி, ஸ்வான்சீ குன்றின்மேல்
காற்றடித்து அறுந்த மின்சாரம்.
மீதி ஒரு மணி நாங்கள்தான்.
ஓர் அக்டோபர் ஞாயிறு, கடிகாரம் மாற்றும் நாள்,
காலையில் நான் வட்டைத் திருப்பினேன்
(பின்னால் சுற்றாது அது,
இருபத்துமூன்று மணி முன்னால் சுற்ற வேண்டும்).
மாலையில் எல்வெட்டும் அதையே செய்தான்.
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.
அப்புறம் கூட்டிக்கொள்ளப் பழகிவிட்டது:
வட்டில் நாலே முக்கால் என்றால் ஆறரை.
மூன்றேகால் என்றால் ஐந்து.

நான் எழுவது ஆறரைக்கு.
ரொட்டி ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
ஐந்துக்குக் குன்றேறி வருவான் அவன்.
நாலே முக்காலில் நான் வைத்த சிவப்புப் பின்
மறுநாள் மூன்றேகாலில் நிற்கும்.
முன்னே போன பின்னை நான் பின்னே தள்ளுவேன்.
பின்னே போன பின் பிறகும் முன்னே வரும்.
இரவெல்லாம் அடுப்போடு நின்றவனுக்கு
இன்னும் என்ன சூடு?
என் கண் எப்போதும் காஸ் மீட்டரில்.
கேட்டுவிடலாம்தான்.
கேட்டதில்லை.

ஜனவரியில் ஒரு ராத்திரி
சிவப்பைத் தாண்டி, நீலத்தைத் தொடாமல்,
வட்டு நின்றுபோனது.
விடியும்வரை எரிந்தது பாய்லர்.
குளியலறை ஜன்னலில் இருந்த மெழுகுவர்த்தி
வாழ்க்கை வெறுத்தவர்போல் தலை குனிந்திருந்தது.

சனிக்கிழமை டிஜிட்டல் ஒன்று வாங்கி வந்தேன்.
மெயினை அணைத்து, நெற்றியில் டார்ச் கட்டி,
வாயில் ஸ்க்ரூவைக் கவ்வியபடி
சுவரைத் திறந்தேன்.
தாளில் இருப்பது பழுப்பும் நீலமும்.
சுவரில் இருப்பது பழைய சிவப்பும் கறுப்பும்.
ஒவ்வொன்றின் கழுத்திலும் டேப் சுற்றி எண் எழுதினேன்.
ஒரு வெள்ளை வயர் மட்டும்
எங்கிருந்தோ வந்து எதிலும் சேராமல் நின்றது.
அதன் நுனியை மூடி, இருந்த இடத்துக்கே அனுப்பினேன்.

கரன்ட் வந்ததும் கேள்விகள்.
இன்று என்ன தேதி? என்ன வருடம்?
ஆஸ்பத்திரியில் கண் விழித்தவளைக் கேட்பதுபோல்.
எத்தனை மணிக்குச் சூடு வேண்டும்?
செத்த வட்டைக் கையில் வைத்துக்கொண்டு
பின் நின்ற இடத்தைப் பார்த்து
அப்படியே அழுத்தினேன்:
நாலே முக்கால்.

தவறான கடிகாரத்தில் சரியாக இருந்த எண்
சரியான கடிகாரத்தில் தவறிப்போனது.

திங்கள், வெளியே இருட்டு, ஆலங்கட்டி.
நான் தூங்கிக்கொண்டிருக்க
ரேடியேட்டர்கள் டொக் டொக்கென்று விழித்திருக்கின்றன.
ஐந்துக்கு எல்வெட் வந்தான்.
ஷூவைக் கழற்றும் சத்தம் கேட்டது.
அப்புறம் நெடுநேரம் ஒரு சத்தமும் இல்லை.
மேலே வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.
"வியர்வையோடு அந்த மேட்டில் ஏறினால்
எலும்பு வரைக்கும் குளிர் போகும், நெரிஸ்.
உனக்குத் தெரியாதென்றே நினைத்திருந்தேன்."

எனக்குத் தெரியாது.
பார்த்து எழுதினேன், கூட்ட மறந்துவிட்டேன்,
என்று சொல்ல வாய் வந்தது.
அவன் விரல்கள் என் கணுக்காலில் இருந்தன,
ரொட்டிமாவு காய்ந்து,
சூடு ஏறிக்கொண்டே.

புதியதில் ஒரு நாளைக்கு ஆறு நேரம் வைக்கலாமாம்.
நான்கைத் தொடவே இல்லை.
ஆறரைக்கு ஒன்று எனக்கு,
நாலே முக்கால் அப்படியே இருக்கட்டும்.
பிப்ரவரி பில் வரும்போது
அதை யார் முதலில் பிரிப்பது என்று பார்ப்போம்.